வரிசைக்கு ஒரு பக்கம்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகும் மணல் பாதையில், உப்பங்கழிக்கு இந்தப் பக்கம், ஷஹர்பானுவின் மல்லித் தோட்டம் இருந்தது. பதினாறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு செடி. அத்தனை செடிக்கும் பெயர் உண்டு. நம்மூர்ப் பெயராக இருந்தால் சொல்லிவிட்டுப் போகலாம். அத்தனையும் சீனப் பெயர். கிணற்றடி வரிசையின் முதல் செடி ஒரு பெரிய வீட்டுக் கிழவி. பக்கத்தில் நிற்பது அவளுடைய மூத்த மகன், குடிகாரன். அதனால்தானோ என்னவோ, அந்தச் செடிக்கு மட்டும் எத்தனை தோண்டி தண்ணீர் விட்டாலும் போதுவதில்லை. மூன்றாவது, வாய்த்துடுக்கான மருமகள். அதில் பறிக்கும்போது விரல் கீறாத நாள் கிடையாது.

பைத்தியமா என்று கேட்டுவிடாதீர்கள். ஷஹர்பானு ஒரு கதை படித்துக்கொண்டிருந்தாள். சீனத்துப் பழைய கதை, பெரிய கதை. ஒரே வீட்டுக்குள் இருநூறு பேருக்கு மேல் பிறந்து, வளர்ந்து, சண்டை போட்டு, கல்யாணம் கட்டி, செத்துப்போகிற கதை. பெயரெல்லாம் ஒன்றைப் போலவே ஒன்று காதில் விழும். நாற்பதாம் பக்கத்தில் செத்தவள் அறுபதாம் பக்கத்தில் பல்லக்கில் வந்து இறங்குகிறாளே என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். வந்தவள் வேறொருத்தி. அன்றைக்குத்தான் செடிகளில் கலர் நூலைக் கட்டிப் பெயர் வைத்தாள். செடி போதவில்லை. சமையல்காரர்களும் காவல்காரர்களும் கடைசி வரிசையில் செடிக்கு இரண்டு பேராகக் கூட்டுக்குடித்தனம் நடத்தினார்கள்.

படிக்கிறதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. கவிழ்த்த கூடையின்மேல் குர்ஆன் வைத்து ஓதும் மர ரேஹலை வைத்து, அதில் கதை எழுதிய நோட்டை விரித்து, நின்றபடியே ஒரு பக்கம் படிப்பாள். பிறகு அந்த வரிசையில் இறங்குவாள். களை எடுப்பதோ, மொக்குப்புழு பொறுக்குவதோ, பறிப்பதோ, அன்றைக்கு எந்த வேலையோ அது. பன்னிரண்டாம் செடிக்கு வருவதற்குள் படித்த பக்கம் மனதில் படிந்திருக்கும். கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு அடுத்த பக்கம். வரிசைக்கு ஒரு பக்கம்; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பூப்பறிக்கிற எல்லம்மாள் முதல் வருஷம் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் வருஷம், வரிசை முடிவதற்குள் அந்தக் குடிகாரன் என்ன ஆனான் என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

அந்தக் கதை எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஷஹர்பானுவின் புருஷன் காஜா மொய்தீன் ஐம்பத்தொன்றில் பினாங்குக்குக் கப்பலேறினான். அங்கே ஒரு சீனர் கடையில் வேலை. கடை முதலாளியின் அண்ணன், வயதானவர், சாயங்காலமானால் அந்தப் பெரிய கதையை எடுத்து வைத்துக்கொண்டு மலாயில் சொல்லுவார். கேட்டதைக் காஜா மொய்தீன் நோட்டில் எழுதினான். தமிழில்தான் எழுதினான், ஆனால் அரபு எழுத்தில். ஏனென்றால் ஷஹர்பானுவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவள் போனதெல்லாம் ஓதுகிற பள்ளி. குர்ஆன் ஓதத் தெரியும், அரபுத்தமிழ் படிக்கத் தெரியும். எழுதத் தெரியாது. பெண்பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பார்கள், எழுதக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். எழுதத் தெரிந்தால் யாருக்காவது கடுதாசி எழுதிவிடுவாளாம். நல்ல புத்தி!

முதல் நோட்டுப் பார்சலைப் பிரித்தது மாமியார் சைனம்பு. அப்போதே அவளுக்குப் பார்வை மங்கல். வலமிருந்து இடம் ஓடுகிற அரபு வரிகள் மட்டும் நிழலாகத் தெரிந்தன. உடனே நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, என் பிள்ளை பினாங்கில் கிதாபு எழுதுகிறான் என்று அறிவித்துவிட்டாள். மார்க்கப் புத்தகம்! ஷஹர்பானு வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் முதல் வரியைப் படித்திருந்தாள். "பானு, இது உனக்கு மட்டும்" என்றிருந்தது. அதற்குக் கீழே, "இந்தக் கதை முடிகிற நாளில் நான் கோவளத்தில் இருப்பேன்" என்றிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மூடிய வாய் ஆறு வருஷம் திறக்கவில்லை. அதில் சுகமும் இருந்தது, மறைப்பானேன். கிதாபு படிக்கிற மருமகளை அரிசி புடைக்க யாரும் கூப்பிடுவதில்லை. அவள் தோட்டத்தில் தனியாக இருந்தால் ஏனென்று கேட்பாரில்லை. சைனம்பு பச்சைப் பட்டுத்துணி வாங்கி நோட்டுகளைச் சுற்றி உயரமான பலகையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டாள். பருவத்தின் முதல் மல்லிச்சரம் அந்தப் பட்டுத்துணிக்குத்தான். கைகால் கழுவாமல் தொடக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது என்று ஏகப்பட்ட கட்டளை. ரேஹலும் கிணற்றடிக் கழுவலும் அப்படி வந்தவைதான்.

காஜா மொய்தீன் தாயாருக்கும் கடுதாசி போடுவான், தமிழில், இரண்டு வரி. நான் நலம், நீங்கள் நலமா. அதைப் பள்ளிவாசல் ஜெயினுலாபுதீன் லெப்பை வந்து வாசலில் நின்று படிப்பார், தெருவே கேட்கும். அதில் வேறென்ன எழுதுவான்? எழுத வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பானுவுக்கு எழுதினான். ஒவ்வொரு நோட்டிலும் அதே விஷயம். அம்மாவுக்குக் கண் மங்குகிறது, வெளியில் சொன்னால் அவளுக்கு வெட்கம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டு, நான் சொன்னதாகச் சொல்.

ஷஹர்பானு முயற்சி செய்யாமலில்லை. ஒருதரம், மாமி, செங்கல்பட்டில் கண்ணைக் காட்டலாமே என்று தானாகச் சொல்வதுபோல் சொன்னாள். சைனம்பு சீறிவிட்டாள்.

"எம்புள்ள சொல்லட்டும், போறேன். நீ சொல்லி நா போயி கண்ண அறுத்துக்கணுமா?"

பிள்ளைதான் சொன்னான் என்று எப்படிச் சொல்வது? எங்கே சொன்னான் என்று கேட்பாள். கிதாபில் கண்ணாஸ்பத்திரி வருமா? எல்லாம் வெளியே வந்துவிடும், நோட்டு நின்றுபோகும். அடுத்த கடுதாசியில் அவரே நேராக எழுதிவிடுவார் என்று ஷஹர்பானு தள்ளிப்போட்டாள். எழுதவில்லை. அடுத்த நோட்டு வந்தது, அதிலும் கேட்டிருந்தான். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அவள் ரேஹலில் வைத்துப் படிக்கவில்லை. சீக்கிரமாகப் படித்துவிட்டுத் துணியைச் சுற்றினாள். இப்படியே பதின்மூன்று நோட்டு. இதற்குள் சைனம்புவின் ஒரு கண்ணில் முழுக்கப் பூ விழுந்துவிட்டது. இன்னொரு கண்ணில் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது.

பதின்மூன்றாம் நோட்டு முடியும் இடத்தில் காஜா மொய்தீன் எழுதியிருந்தான்: அடுத்த நோட்டோடு கதை முடிகிறது, எந்தக் கப்பலில் வருகிறேன் என்பதும் அதிலேயே இருக்கும். அன்றிலிருந்து ஷஹர்பானுவுக்கு ஒரே பிடிவாதம். கதையை முதலிலிருந்து இன்னொரு தரம் படித்து, ஒரு ஆளைக்கூட மறக்காமல், கடைசி நோட்டுக்குத் தயாராக நிற்க வேண்டும். மார்கழியில் கவாத்து வெட்டும்போது ஆரம்பித்தாள். வெறும் குச்சியாக நின்ற செடிகள் மாசியில் துளிர்த்தன. பங்குனி பிறந்ததும் பாருங்கள், மொக்கு மொக்காக வந்து குவிந்தது. சீனத்தில் வசந்தகாலத்தில் மரங்கள் இலை விடுமுன்னே பூத்துவிடும் என்று எட்டாம் நோட்டில் எழுதியிருந்தான்; நம்ம முள்முருங்கை பூப்பதைப்போல என்று அவளுக்குப் புரிவதற்காகச் சேர்த்திருந்தான். அந்த வருஷம் மல்லியும் இலையை மறைத்துக்கொண்டு பூத்தது. விடியுமுன் பறிக்க ஆரம்பித்தால் வெயில் ஏறியும் முடியவில்லை.

பதினான்காம் நோட்டு ஒரு வியாழக்கிழமை வந்தது. ஷஹர்பானு தோட்டத்தில் இருந்தாள். பார்சலைப் பிரித்தது இந்தத் தடவையும் சைனம்புதான். கப்பலில் உப்புத்தண்ணீர் புகுந்து, நோட்டு ஊறிக் கொழகொழவென்று இருந்தது. மை கையில் வந்தது. சைனம்பு பதறிப்போய், பழைய நோட்டுகளாவது பத்திரமாக இருக்கின்றனவா என்று பலகையில் தடவினாள். பட்டுத்துணிக்கு அடியில் கரையான் மண். இரண்டு மூன்று நோட்டுக்கு ஓரம் போயிருந்தது.

அரபு எழுத்து உள்ள காகிதம் சிதைந்துபோனால் குப்பையில் போடுகிற வழக்கமில்லை. கிழிந்த குர்ஆன் தாள்களை வருஷத்துக்கொரு தரம் பள்ளிவாசலில் சேர்த்து, மண்குடத்தில் இட்டு, உள்ளே கல் வைத்து, வாயைத் துணியால் கட்டி, கட்டுமரத்தில் ஆழத்துக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். அந்த வருஷத்துக் குடம் மறுநாள் வெள்ளிக்கிழமை காலை போவதாக இருந்தது.  பார்சல் வந்ததை அன்று சாயங்காலம் சைனம்பு மருமகளிடம் சொல்லவில்லை. காலையில் ஷஹர்பானு பதின்மூன்றாம் நோட்டை எடுக்கக் கையை நீட்டியபோது, இன்றைக்குக் கிதாபு வேண்டாம், பூ நிறைய இருக்கும், பறித்துவிட்டு வா என்றாள். ஷஹர்பானுவும், கிடக்கட்டும், சாயங்காலம் படித்துக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

பறித்த மொக்கை இரண்டு கூடையில் கட்டி எல்லம்மாள் தலையில் ஏற்றியாயிற்று. திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அரைமணி கழித்துப் பார்த்தால், கூடையோடு மூச்சிரைக்க எல்லம்மாள் திரும்பி வருகிறாள்.

"பானும்மா, ஒன் மாமியாரு கடற்கரைக்குப் போய்கினு கீது. அந்தப் பச்சத்துணி மூட்டய மோதினாரு தூக்கிகினு போறாரு. லெப்பையும் கீறாரு. கொடம் கீது. இன்னாமோ சரியில்ல, நா பஸ்ஸ வுட்டுட்டு ஓடியாந்தேன்."

ஷஹர்பானு துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கால் முன்னே போகும், ஆள் போகமாட்டாள். அவள் கரைக்கு வந்து சேர்ந்தபோது மீன்பிடிக்கிற ராஜாராமின் கட்டுமரம் அலையைத் தாண்டிப் போய், காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. முதல் குடம் இறக்கியாயிற்று. மணலில் இன்னொரு குடம் இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் கல்லைப் போட்டுவிட்டு, பச்சைத்துணியை அவிழ்த்து நோட்டுகளை உள்ளே வைக்கக் குனிந்தார். லெப்பை துஆ ஓதிக்கொண்டிருந்தார். கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் சைனம்பு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆம்பிளைகள் கூட்டத்துக்கு நடுவே ஷஹர்பானு போய்க் குடத்தின் வாயைக் கையால் மூடினாள். இந்தக் குடத்தில் எத்தனை நோட்டு, போன குடத்தில் எத்தனை என்று கேட்டாள். மோதினார் பயந்துபோய்ச் சொன்னார்: பழைய பதின்மூன்றும் இங்கே, நேற்று வந்த ஈர நோட்டு பள்ளிவாசல் தாள்களோடு முதல் குடத்தில்.

நேற்று வந்த நோட்டு. அவள் கண்ணால்கூடப் பார்க்காத நோட்டு. கதையின் முடிவும் கப்பலின் பெயரும் கடலுக்கடியில் கிடந்தன.  ஷஹர்பானுவுக்குக் கத்தி அழவேண்டும்போல் இருந்தது. அழுதுகொண்டு நின்றால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்பதால் அழவில்லை.

"இது கிதாபு இல்ல," என்றாள். "கத. சீனத்துக் கத. எம்மச்சான் எனக்கு எழுதுனது."

லெப்பை துஆவை நிறுத்தினார். ஒரு நோட்டை எடுத்தார். ஆறு வருஷமாக ஊரே மரியாதை வைத்திருந்த நோட்டு, பட்டுத்துணியைப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதேயில்லை. உதட்டை அசைத்து நாலு வரி படித்தார். ஒரு பக்கம் திருப்பினார். குடிகார மகன் தாயாரின் வளையலைத் திருடுகிற இடமாக இருக்க வேண்டும். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அதற்குள் கரையோரம் வந்துவிட்ட ராஜாராம் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். லெப்பை நோட்டை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டு, இதைக் கடலில் விடவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, எழுத்துக்கு மரியாதையாகக் காலில் படாமல் வைத்துக்கொண்டால் போதும், எடுத்துக்கொண்டு போம்மா என்றார். நல்ல மனுஷர்.

அவ்வளவுதான், பதின்மூன்று நோட்டும் திரும்பக் கிடைத்துவிட்டன. ஷஹர்பானு அவற்றைத் துணியில் அடுக்க ஆரம்பித்தபோது படகின் நிழலிலிருந்து குரல் வந்தது.

"கிதாபு படிச்சி யாராச்சும் சிரிப்பாங்களாடி?"

ஷஹர்பானு நிமிர்ந்தாள்.

"தோட்டத்து வேலிகிட்ட வந்து நா எத்தினி நாளு நின்னுகினு இருந்திருக்கேன், தெரியுமா? நீ சிரிப்ப. அந்த எல்லம்மா சிரிப்பா. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போல." சைனம்பு சத்தம் போடவில்லை, ஊர்க்கதை பேசுகிற குரலிலேயே சொன்னாள். "கிதாபா இருந்தா கடலுக்குப் போறது மொற. வேற எதுனாச்சும் இருந்தா போறதே நல்லதுன்னு நெனச்சேன். ஒனக்குப் பதினாலு நோட்டு எழுதுறான். பெத்தவளுக்கு ரெண்டு வரி. நல்லா கீறியான்னு ஒரு வரி, நல்லா கீறேன்னு ஒரு வரி. போதும்பா."

லெப்பை தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரண்டு வரியை ஆறு வருஷமாகப் படித்தவர் அவர்தானே.

ஷஹர்பானு மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்திருக்கலாம். தப்பு சைனம்பு பேரில் என்றே ஊர் பேசியிருக்கும். பிள்ளை அனுப்பியதைக் கடலில் போட்டவள் என்று அவளைத்தான் சொல்லியிருப்பார்கள். யாரும் எதையும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. கைகூட முடிச்சைப் போட்டுவிட்டது. போட்ட முடிச்சை அவளே அவிழ்த்தாள். மாமியார் எதிரே மணலில் உட்கார்ந்து, முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று உரக்கவே படித்தாள்.

"அம்மா ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுவதை நான் புறப்படும்போதே பார்த்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காட்டு. நான் சொன்னதாகச் சொல்."

சைனம்புவின் கை முழங்காலை விட்டு இறங்கியது.

இரண்டாம் நோட்டு. காட்டினாயா, டாக்டர் என்ன சொன்னார். மூன்றாம் நோட்டு. நான் சொன்னேன் என்று சொன்னாயா. நான்காம் நோட்டில், உனக்கு எழுத வராது, தெரியும், லெப்பையிடம் சொல்லிப் பதில் போடச் சொல் என்றிருந்தது. ஆறாவதில், கடை முதலாளியின் அண்ணனுக்கு எழுபது வயதில் கண்ணில் பூ எடுத்தார்கள், இப்போது அவரே விளக்கில்லாமல் படிக்கிறார், அம்மாவுக்கு இதைச் சொல், பயம் போகும் என்றிருந்தது. ஒன்பதாம் நோட்டில் கடைசி இரண்டு வரியைக் கரையான் தின்றிருந்தது. ஆனால் ஷஹர்பானுவுக்கு அது மனப்பாடம், பார்க்காமலே சொன்னாள். நிறுத்தவில்லை. அடுத்ததை எடுத்தாள். பின்னாலேயே வந்திருந்த எல்லம்மாள் தலைக்கூடையை இறக்கிவைக்க மறந்து நின்றாள். கடைசியாகப் பதின்மூன்றாம் நோட்டைத் திறந்தாள்.

"அம்மாவுக்கு என்மேல் கோபமா? நான் இத்தனை தடவை சொல்லியும் ஏன் போகமாட்டேன் என்கிறாள்?"

நோட்டை மூடினாள்.

"அவரு சொன்னாரு மாமி. பதிமூணு தடவ சொன்னாரு. நாந்தான் சொல்லல. சொன்னா நோட்டு நின்னுடும்னு சொல்லல. ஒங்க கண்ணு போனது என்னால."

 சைனம்பு திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஷஹர்பானுவும் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்போலத்தான் இருந்தது. ராஜாராம் கட்டுமரத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றான். சைனம்பு மணலில் கையை ஊன்றி எழுந்தாள், தடுமாறினாள், யார் கையையோ தேடினாள்.

"நாளைக்கு மொதல் பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

எல்லம்மாள் சொன்னாள்.

"எனக்கும் எடம் போடு," என்றாள் சைனம்பு. மருமகள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, எல்லம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு கூடை மல்லியும் அன்று சாயங்காலம் வீட்டிலேயே மலர்ந்துவிட்டது. வீடே மணத்தது. வீணாகப் போக வேண்டாம் என்று சைனம்பு உட்கார்ந்து தொடுத்தாள். பூத்தொடுக்கக் கண் எதற்கு? தெருவில் ஒரு பெண்பிள்ளை தலை பாக்கியில்லாமல் பூ கொடுத்தனுப்பினாள், மருமகள் ஒருத்திக்குத் தவிர. ஷஹர்பானு கேட்கவுமில்லை. அடுத்த நாளைக்கு வேண்டிய துணிமணியை எடுத்து வைத்தாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, பகல் இரவு தெரிகிற கண்ணில் இன்னும் உயிர் இருக்கிறது, பூவை எடுத்துவிடலாம் என்றார். மற்றது கையைவிட்டுப் போய்விட்டது, ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு ஷஹர்பானு சுவரோரம் நின்றாள். ஆப்பரேஷன் முடிந்து கண்ணைக் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல்மூட்டை வைத்து, பத்து நாள் அசையக்கூடாது என்று படுக்கப் போட்டார்கள். ஷஹர்பானு கட்டிலுக்கடியில் தூங்கினாள். பூவை எல்லம்மாள் பார்த்துக்கொண்டாள். தினமும் கூடையோடு செங்கல்பட்டு வந்தவள், எந்தெந்தச் செடி எப்படிப் பூத்தது என்று ஆள் பெயர் சொல்லி விவரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்று நாள் சைனம்பு மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள், மேலே பார்த்தபடியே, "அந்தக் குடிகாரன் யாரு?" என்றாள். எல்லம்மாள் வாயில் தினமும் அடிபட்ட பெயரல்லவா! ஷஹர்பானு மூட்டையிலிருந்து முதல் நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்தினாள். இறங்குவதற்கு அங்கே ஏது வரிசை?

"அப்பறம்?" என்றாள் சைனம்பு.

அந்தப் பத்து நாளில் ஷஹர்பானு இன்னொரு காரியமும் செய்தாள். வார்டு நர்ஸ் சாராளிடம் பென்சிலும் காகிதமும் வாங்கி, பினாங்குக்குக் கடுதாசி எழுதினாள். லெப்பையிடம் சொன்னால் அவரே அழகாக எழுதிக் கொடுத்திருப்பார். கூடாது, தானே எழுத வேண்டும் என்று நின்றாள். எழுதத்தான் தெரியாதே தவிர, எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியுமே. வேண்டிய வார்த்தையைப் புருஷனுடைய நோட்டுகளிலேயே தேடி, பார்த்துப் பார்த்து வரைந்தாள். கண் என்பது பதின்மூன்று நோட்டிலும் இருந்தது. கடல் ஐந்தாம் நோட்டில் கிடைத்தது. சொல்லவில்லை என்ற வார்த்தையை அந்தத் துடுக்கு மருமகள் பேச்சிலிருந்து எடுத்தாள். ஆறு நாளாயிற்று, நாலு வரிக்கு.

"அம்மாவுக்குக் கண்ணில் பூ எடுத்தாயிற்று. ஒரு கண் போய்விட்டது. நான்தான் சொல்லவில்லை. கடைசி நோட்டு கடலில், முடிவை வந்து சொல்லுங்கள்."

கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. உறையின்மேல் விலாசத்தை மட்டும் சாராள் எழுதிக் கொடுத்தாள். கப்பலின் பெயர் தெரியாமல் இனி எத்தனை நாள் காத்திருப்பது என்று ஷஹர்பானு ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"வரட்டும். அவன் வாயால கேப்போம்."

நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் கண்ணாடி வந்தது. சோடாபாட்டில் அடிப்பாகம் மாதிரி கனமான கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு சைனம்பு முதல் காரியமாகத் தோட்டத்துக்கு வந்தாள். வைகாசி மல்லி இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. வரிசையாக நடந்து, கலர் நூல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எது குடிகாரன், எது துடுக்கு மருமகள் என்று எல்லம்மாள் காட்டினாள். கிணற்றடிக் கிழவிச் செடியின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இதற்குத் தண்ணீர் போதவில்லையே என்றாள்.

பிறகு கிணற்றில் கைகால் கழுவிக்கொண்டு ரேஹலிடம் வந்தாள். பெண்பிள்ளைகள் ஓதுகிற பள்ளிக்கு அவளும் போனவள்தான். அவளுக்கும் படிக்கத் தெரியும். முதல் நோட்டை எடுத்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் தாண்டிவிட்ட அந்த முதல் பக்கம் அதில் இருக்கிறதே! ஷஹர்பானு பக்கத்தில் போனாள். சைனம்பு கையை நீட்டித் தடுத்தாள்.

எழுத்துக்கூட்டி, விரலை வரியில் ஓட்டி, உரக்கப் படித்தாள். "பானு, இது உனக்கு மட்டும்."

கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்த அந்த ஒற்றைக் கண் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தை நன்றாகப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

"ஒனக்கு மட்டுமாம்," என்றாள் சைனம்பு. "போ, போயி வரிசயப் பாரு. நா படிச்சி முடிச்சதும் கூப்புடறேன்."

பக்கத்தைத் திருப்பினாள்.